70 எந்தக் கட்டத்தில் நிற்க வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் ‘1 முதல் 100 வரை: எண்களின் வகைகள்’ என்று அரைப் பக்கத்துக்கு ஓர் அட்டவணை வந்திருந்தது. பேப்பரில் வரும் பிழை சாதாரணமாக மறுநாளே பழைய பேப்பர் கட்டுக்குள் போய்விடும். இந்த அட்டவணையையோ சேலத்தில் சில வகுப்பறைகளில் கத்தரித்துச் சுவரில் ஒட்டிவிட்டார்கள். ஏப்ரல் வரை அது கீழே இறங்காது. அதனால்தான் இந்தக் கடிதம்.

ஐந்து இடங்கள் தவறு. 1ஐப் பகா எண்களோடு சேர்த்திருக்கிறார்கள். 91உம் அதே கட்டத்தில் நிற்கிறது. 16 மிகை எண் என்றும் 70 குறை எண் என்றும் போட்டிருக்கிறார்கள். அடிக்குறிப்பில் ‘ஒற்றைப்படை எண் எதுவும் மிகை எண் ஆகாது’ என்று ஒரு பொதுவிதி வேறு. 91, 16, 70 மூன்றும் ஒரே இடத்தில் சறுக்கியவை: காரணிகளை ஒழுங்காக எடுத்து முடிக்கும் முன்பே வகை பிரிக்கப் போயிருக்கிறார்கள். அடிக்குறிப்பு, நூறு வரை மட்டும் பார்த்துவிட்டு எல்லா எண்ணுக்கும் தீர்ப்புச் சொன்னது. 1இன் கதை தனி.

புதிதாகப் படிப்பவர்களுக்கு முதலில் இலக்கணம். ஓர் எண்ணை மீதியில்லாமல் வகுப்பவை அதன் காரணிகள். அந்த எண்ணை மட்டும் ஒதுக்கிவிட்டு மற்ற காரணிகளைக் கூட்ட வேண்டும். கூட்டுத்தொகை எண்ணைவிடக் குறைந்தால் குறை எண். சரியாக வந்தால் நிறை எண், செவ்விய எண் என்றும் எழுதுகிறார்கள். மிஞ்சினால் மிகை எண். 8க்கு 1+2+4 = 7, ஆகவே குறை. 6க்கு 1+2+3 = 6, நிறை. 12க்கு 1+2+3+4+6 = 16, மிகை. இந்த மூவகைப் பிரிவு சுமார் 1900 ஆண்டுகளுக்கு முன் கிரேக்கர் நிக்கோமாகஸ் எழுதி வைத்தது. பகா எண், பகு எண் என்பது வேறொரு சல்லடை. தங்கள் அட்டவணை இரண்டையும் ஒரே கட்டத்தொகுப்பில் போட்டதால், 16 பகு எண்ணாகவும் குறை எண்ணாகவும் ஒருசேர இருக்கலாம் என்பதே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போகிறது.

70க்கு வருவோம். காரணிகளாக அச்சில் இருப்பவை 1, 2, 5, 7, 10, 35. கூட்டினால் 60. அதனால் குறை எண் என்று முடித்துவிட்டார்கள். விட்டுப்போனது 14. சேர்த்தால் 74, 70ஐ மிஞ்சிவிட்டது, மிகை எண். 5ஐ எழுதிய கையோடு 70ஐ 5ஆல் வகுத்து வந்த 14ஐப் பக்கத்திலேயே எழுதியிருந்தால் இது நடந்திருக்காது. காரணிகள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். 1ஐ எழுதினால் எதிரே 70, 2க்கு எதிரே 35, 5க்கு எதிரே 14, 7க்கு எதிரே 10. அடுத்து 8, அது போகாது. 9ஐப் பார்க்க வேண்டியதில்லை, ஏனென்றால் 9×9 = 81, எழுபதைத் தாண்டிவிட்டது. அதாவது எண்ணின் வர்க்கமூலம் வரை இடப்பக்கம் இறங்கினால் போதும். வலப்பக்கம் தானாக நிரம்பிவிடும். காரணிகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை ஒரே வரியில் எழுதச் சொல்லிக் கொடுக்கும் வழக்கம்தான் இந்த வகைப் பிழைக்குத் தாய். இரண்டு பத்தியாக எழுதச் சொல்லுங்கள்.

இதே ஜோடி முறை கவனமில்லாதவரை 16இல் கவிழ்க்கும். 1×16, 2×8, 4×4. கடைசி ஜோடியில் இரண்டு பக்கமும் ஒரே 4. அதை இரண்டு முறை எண்ணிவிட்டால் 1+2+4+4+8 = 19, மிகை எண் போலத் தெரியும். ஒரு முறை மட்டும் எடுத்தால் 15. ஒன்றே ஒன்று குறைகிற குறை எண். வர்க்க எண்கள் எல்லாவற்றிலும் இந்தப் பொறி உண்டு. தப்பிக்க ஓர் அடையாளம்: வர்க்க எண்ணுக்குக் காரணிகளின் எண்ணிக்கை ஒற்றைப்படை, மற்றவற்றுக்கு இரட்டைப்படை. 16க்கு 5, 36க்கு 9, 100க்கு 9. எண்ணிப் பார்த்து 16க்கு 6 என்று வந்தால் எங்கோ இரட்டிப்பு நடந்திருக்கிறது.

கைக்கூட்டலைச் சரிபார்க்க இன்னொரு வழி, பகாக் காரணிகளாக உடைப்பது. 70 = 2×5×7. ஒவ்வொன்றோடும் 1ஐச் சேர்த்துப் பெருக்கினால் 3×6×8 = 144. இதுதான் 70ஐயும் சேர்த்த எல்லாக் காரணிகளின் கூட்டுத்தொகை. 70ஐக் கழித்தால் 74. அடுக்கு இருந்தால் 1இலிருந்து அந்த அடுக்கு வரை கூட்டிக்கொள்ள வேண்டும்: 88 = 2³×11, எனவே (1+2+4+8)×(1+11) = 15×12 = 180; 88ஐக் கழித்தால் 92, மிகை. எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் இன்னும் சுலபம். ஒவ்வோர் அடுக்கோடும் ஒன்றைக் கூட்டிப் பெருக்குங்கள். 360 = 2³×3²×5, காரணிகள் 4×3×2 = 24. இவற்றில் ஒற்றைப்படைக் காரணிகள் எத்தனை என்று கேட்டால் 2ஐ மறந்துவிட்டு 3×2 = 6. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இங்கே தவறவிடுவது இரண்டு: அடுக்கே எழுதாத 5க்கு அடுக்கு 1 என்பதை மறந்து விட்டுவிடுவது, கேள்வி ‘தன்னைத் தவிர்த்து’ என்று கேட்டிருந்தால் ஒன்றைக் கழிக்காமல் போவது.

91க்கு அதிகம் சொல்ல வேண்டாம். 7×13. ஏற்காட்டில் 91 காப்பி நாற்றைக் கையில் கொடுத்தால் 7 வரிசை, வரிசைக்கு 13 என்று செவ்வகமாக நட்டுவிடலாம். 89ஐயோ 97ஐயோ கொடுத்தால் ஒரே நீள வரிசைதான். 2, 3, 5 ஆகியவற்றுக்குச் சோதனை தெரிந்தவர்கள் 7இல் சோம்பல்படுவதால் 91 எப்போதும் தப்பித்துப் போகிறது. இதன் உறவினர்கள் 119 (7×17), 133 (7×19), 143 (11×13), 221 (13×17). 51, 57, 87 மூன்றும் இலக்கங்களைக் கூட்டினாலே 3இல் மாட்டிக்கொள்ளும்.

பெரிய எண் என்றால் எங்கே நிறுத்துவது என்பதுதான் கேள்வி. ஏற்காட்டின் அஞ்சல் குறியீட்டு எண்ணை எடுத்துக்கொள்வோம், 636601. கடைசி இலக்கம் 1, ஆகவே 2உம் 5உம் போகாது. இலக்கங்களின் கூட்டல் 22, ஆகவே 3உம் போகாது. 7 போகிறது: 7×90943. இங்கே இரண்டு காரியம் செய்ய வேண்டும். ஒன்று, 90943ஐ மறுபடி 7ஆல் வகுத்துப் பார்ப்பது. ஒரு முறை போன எண் இன்னொரு முறையும் போகலாம். இங்கே போகவில்லை, மீதி 6. இரண்டாவது, எல்லையைத் திருத்துவது. முதலில் 636601இன் வர்க்கமூலமான 797 வரை போக வேண்டியிருந்தது. இப்போது 90943இன் வர்க்கமூலம், 301 வரை போதும். 11, 13, 17 என்று பகா எண்களாக மட்டும் போட்டுக்கொண்டே போனால் 199இல் பிடிபடுகிறது: 199×457. 457இன் வர்க்கமூலம் 21தான். 19 வரையிலான பகா எண்கள் எல்லாம் ஏற்கெனவே தோற்றுவிட்டன. எனவே 457 பகா எண், வேலை முடிந்தது. எல்லையைத் திருத்தாதவர் 797 வரை உள்ள 139 பகா எண்களையும் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார். திருத்தியவருக்கு 46ஓடு முடிந்தது. காரணிகள் மொத்தம் 8: 1, 7, 199, 457, 1393, 3199, 90943, 636601. தன்னை ஒதுக்கிக் கூட்டினால் 96199. பெருத்த எண்தான், ஆனால் வகையில் குறை எண்.

நூறு வரை அட்டவணை போட நூறு கூட்டல் தேவையே இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். நிறை எண்ணின் மடங்கும் மிகை எண்ணின் மடங்கும் மிகை எண்ணாகத்தான் இருக்கும். 6இன் மடங்கு எதையாவது எடுங்கள், 42 என்று வைப்போம். 6இன் காரணிகளான 1, 2, 3ஐ 7ஆல் பெருக்கினால் 7, 14, 21. மூன்றும் 42இன் காரணிகள். கூட்டினால் அப்போதே 42. அதற்கு மேல் 1 என்ற காரணி காத்திருக்கிறது. ஆகவே மிஞ்சித்தான் தீரும். இப்படி 12 முதல் 96 வரை ஆறின் மடங்குகள் 15, கூட்டாமலே மிகை. 20 மிகை (1+2+4+5+10 = 22), அதனால் 40, 80, 100உம் மிகை. 28 நிறை எண், அதனால் 56 மிகை. மிச்சம் 70உம் 88உம். ஆக, நூறு வரையிலான 22 மிகை எண்களில் உண்மையாகக் கூட்டிப் பார்க்க வேண்டியவை 20, 70, 88 மூன்றுதான். அந்த மூன்றில் ஒன்றில் அச்சு சறுக்கியிருக்கிறது.

சேலத்துக்காரர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஏற்காட்டு மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவு 20. 1997 வரை நம் சேலம் மாவட்டத்தோடு இருந்து, இப்போது நாமக்கல்லோடு இருக்கும் கொல்லிமலைக்கு 70. மேலே சொன்ன மூன்றில் இரண்டு எண்கள் நம் இரண்டு மலைப்பாதைகளிலும் நிற்கின்றன. இரண்டும் மிகை எண்கள்தான், ஆனால் குணம் வேறு. 20இல் மிச்சம் 2. காரணிகளில் 2ஐ மட்டும் எடுத்துவிட்டால் 1+4+5+10 = 20, கச்சிதமாகப் பொருந்துகிறது. 88இல் மிச்சம் 4. 4 என்றொரு காரணி இருக்கிறது, எடுத்துவிட்டால் 88. 70இலும் மிச்சம் 4தான். அதை எப்படிக் கழிப்பது? காரணிகள் 1, 2, 5, 7, 10, 14, 35. 1உம் 2உம் சேர்ந்தால் 3, அடுத்த காரணி 5. நான்கு எந்த வழியிலும் வராது. மிகையாக இருந்தும் எந்தக் காரணிகளைப் பொறுக்கிக் கூட்டினாலும் தன்னை எட்ட முடியாத இந்த வகையை விசித்திர எண் என்கிறார்கள். 70தான் அவற்றில் மிகச் சிறியது, அடுத்தது 836. கொல்லிமலைக்குச் சுற்றுலா அழைத்துப் போகும் ஆசிரியர்கள் பேருந்தில் பிள்ளைகளுக்கு வாந்தி வராமலிருக்க இதைப் போட்டுப் பார்க்கச் சொல்லலாம். (வளைவில் பேப்பரைக் குனிந்து பார்த்தால் வாந்தி வரும், மனக்கணக்காகவே இருக்கட்டும்.)

அடிக்குறிப்பின் ‘ஒற்றைப்படை’ விதி 943 வரை செல்லும். 945இல் உடையும். 945 = 3³×5×7. ஜோடிகள்: 1×945, 3×315, 5×189, 7×135, 9×105, 15×63, 21×45, 27×35. 945ஐ ஒதுக்கி மற்ற 15ஐயும் கூட்டினால் 975. ஒற்றைப்படை மிகை எண்களில் இதுவே முதல். 3ஐயும் விலக்கிவிட்டு, 2ஆலும் 3ஆலும் வகுபடாத முதல் மிகை எண்ணைத் தேடினால் அது 5391411025. நூறு வரை பார்த்து விதி எழுதினால் இவ்வளவு தொலைவில் போய் உதை வாங்க நேரும்.

நிறை எண்களிலும் இதே அவசரம் பழைய காலத்திலிருந்தே உண்டு. 6, 28, 496, 8128: ஓரிலக்கத்துக்கு ஒன்று, ஈரிலக்கத்துக்கு ஒன்று, கடைசி இலக்கம் 6, 8 என்று மாறி மாறி வரும் என்று நிக்கோமாகஸ் காலத்திலேயே எழுதிவிட்டார்கள். ஐந்தாவது 33550336, எட்டு இலக்கம். ஆறாவது 8589869056, மறுபடியும் 6இல் முடிகிறது. யூக்ளிட் தந்த வழி திட்டமானது: 1, 2, 4, 8 என்று இரட்டிப்பாகக் கூட்டிக்கொண்டே போங்கள், கூட்டுத்தொகை பகா எண்ணாக வந்தால் அதைக் கடைசியாகக் கூட்டிய எண்ணால் பெருக்கினால் நிறை எண். 1+2+4 = 7, 7×4 = 28. இரட்டைப்படை நிறை எண்கள் எல்லாம் இந்த வழியில் வந்தவையே என்று பின்னாளில் ஆய்லர் நிறுவினார். ‘பகா எண்ணாக வந்தால்’ என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் மோசம். 1 முதல் 1024 வரை கூட்டினால் 2047. பார்க்கப் பகா எண் மாதிரியே இருக்கும், ஆனால் 23×89. அதை 1024ஆல் பெருக்கி வரும் 2096128 நிறை எண் அல்ல. காரணிக் கூட்டல் 2325392, மிகை. 2024 அக்டோபரில் கண்டுபிடித்ததோடு சேர்த்து இன்று நம் கையில் உள்ள நிறை எண்கள் 52. எல்லாமே இரட்டைப்படை.

நட்பு எண்கள் தங்கள் பக்கத்தில் சரியாகவே இருந்தன, 220உம் 284உம். ஒன்றின் காரணிக் கூட்டல் மற்றதைத் தரும். 284 = 4×71; இங்கேயும் 4க்கு எதிரே 71ஐ எழுதாதவருக்கு நட்பு முறிந்துவிடும். ஆய்லர் கண்ணுக்கே தப்பிய சிறிய ஜோடி 1184, 1210. அதை 1866இல் பகானினி என்ற 16 வயது இத்தாலியப் பையன் எடுத்துக் கொடுத்தான். சேலம் நகராட்சி ஆனதும் அதே ஆண்டுதான்.

வகைகளில் தங்கள் அட்டவணை தொடாமலே விட்டது, காரணிச் செழிப்புள்ள எண்கள். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவு காரணிகள் உள்ளவை: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120, 180, 240, 360, 720, 840… பக்கத்து ஊர் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் 1915இல் லண்டனில் வெளியிட்ட நீண்ட ஆய்வு முழுக்க இவற்றைப் பற்றியது. அவர் தந்த பட்டியலிலும் ஒன்று விட்டுப்போனது: 293318625600. அதற்குக் காரணிகள் 5040. அவருக்கே ஒன்று நழுவியிருக்கும்போது மாணவர் பக்கத்தில் ஒரு 14 நழுவியதைப் பெரிய குற்றமாக நாங்கள் சொல்லவில்லை.

அந்த வரிசையில் 840ஐ அம்மாபேட்டை நெசவாளர்கள் தினமும் கையில் பிடிக்கிறார்கள். பருத்தி நூல் சிட்டம் ஒன்றின் நீளம் 840 கெஜம். ஒன்றரை கெஜம் சுற்றளவுள்ள ராட்டில் 80 சுற்று சுற்றினால் 120 கெஜம், அது ஒரு லீ. ஏழு லீ ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடைக்கு 40 சிட்டம் நின்றால் அது 40ஆம் நம்பர் நூல். 840 = 2³×3×5×7, காரணிகள் 4×2×2×2 = 32. ஆயிரம் வரை எந்த எண்ணுக்கும் இதைவிட அதிகம் இல்லை. 1 முதல் 8 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராத மிகச் சிறிய எண்ணும் இதுவே. 1000க்கோ காரணிகள் 16தான்; மூன்றாகப் பங்கு போட்டாலே ஒன்று மீந்து நிற்கும்.

நம் பழைய கீழ்வாய் இலக்கத்திலும், அதாவது பின்னக் கணக்கிலும், இதே கதைதான் ஓடுகிறது. கால், அரைக்கால், மாகாணி, மா, காணி எல்லாம் 320இல் ஒரு பங்கான முந்திரியில் மிச்சமில்லாமல் அடங்கும். மாகாணி 20 முந்திரி, மா 16 முந்திரி, காணி 4 முந்திரி. 320 = 2⁶×5, காரணிகள் 14. உள்ளே 3 இல்லை. அதனால் மூன்றில் ஒரு பங்கை முந்திரிக் கணக்கில் சரியாகச் சொல்லவே முடியாது. 106க்கும் 107க்கும் இடையில் தொங்கும். முந்திரியை மறுபடி 320ஆகப் பிரித்த கீழ்முந்திரியிலும் முடியாது. அதற்கும் கீழே, கீழ்முந்திரியை 21 பங்காக்கிய இம்மிக்கு வந்த பிறகுதான் 3உம் 7உம் உள்ளே நுழைகின்றன.

1ஐப் பற்றி. பகா எண் என்றால் சரியாக இரண்டு காரணிகள், ஒன்றும் தானும். 1க்கு இரண்டும் ஒன்றேயாகி ஒரே காரணிதான் இருக்கிறது. பகா எண்ணும் அல்ல, பகு எண்ணும் அல்ல. 1ஐப் பகா எண் என்று வைத்துக்கொண்டால் 6ஐ 2×3 என்றும், 1×2×3 என்றும், 1×1×2×3 என்றும் எழுதிக்கொண்டே போகலாம். ஓர் எண்ணுக்குப் பகாக் காரணி உடைப்பு ஒன்றே ஒன்றுதான் என்ற அடிப்படையே ஆடிப்போகும். ஒரு காலத்தில் இதில் ஒருமித்த வழக்கம் இருக்கவில்லை. 1914இல் அமெரிக்கக் கணித அறிஞர் லெமர் வெளியிட்ட பகா எண் பட்டியல்கூட 1இல்தான் தொடங்கியது. இன்றைய பாடநூலில் அதற்கு இடமில்லை. மூவகைப் பிரிவில் மட்டும் 1க்கு இடம் உண்டு: தன்னை ஒதுக்கினால் எதுவும் மிஞ்சாது, கூட்டல் 0, ஆகவே குறை எண். 0 முழு எண்தான், ஆனால் அதை எல்லா இயல் எண்களும் மீதியில்லாமல் வகுக்கும். காரணிகளுக்கு முடிவே இல்லாத எண்ணைக் கூட்டி வகைப்படுத்த முடியாது. தங்கள் அட்டவணை 1இல் தொடங்கியது சரியே.

திருத்திய அட்டவணையை மறுபடி அச்சிட வேண்டுகிறோம். இரண்டு சல்லடைக்கும் இரண்டு தனிப் பத்தி கொடுத்து, ஒவ்வோர் எண்ணுக்கும் எதிரே காரணிக் கூட்டலையும் போட்டால் பிள்ளைகளே சரிபார்த்துக்கொள்வார்கள். அச்சுக்குப் போகுமுன் பார்க்க வேண்டிய கணக்கு: 1, பகா எண் 25, பகு எண் 74, சேர்ந்து 100. குறை எண் 76, நிறை எண் 2, மிகை எண் 22, சேர்ந்து 100. அது வரும்வரை, சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 70க்கு ஒரு சிவப்புக் கோடு போட்டு, பக்கத்தில் 14 என்று எழுதி வைக்குமாறு ஆசிரிய நண்பர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
கணித ஆசிரியர்கள் சிலர்,
சேலம்.